ஞாயிற்றுக்கிழமைப் பட்பட்டி

“இன்னும் எவ்வளவு வேகம்வே வேணும் உமக்கு?”

“வெள்ளைத் திரை தெரியாத அளவுக்கு வேணும்.”

“தெரிஞ்சா என்ன? நாலு பேரு விசிலடிப்பான். அடிச்சிட்டுப் போறான்.”

“விசிலோட விடுவானா? போன மாசம் செம்பூர்ல சோடா புட்டி பறந்துச்சு. நீரு ஒரு நாளு அங்கன வந்து நின்னு பாரும். ரீலு முடியப்போவுதுன்னா அந்த ஆபரேட்டரு ஜன்னல் வழியா ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பான். அந்த மூஞ்சியப் பாத்தா உமக்குச் சோறு எறங்காது.”

“எனக்கு உம்ம மூஞ்சியப் பாத்தாலே எறங்கல.”

இந்தப் பேச்சு நடந்தது முதல் மழைக்கு முந்தின வாரம். செண்பகவல்லிக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. பேசியது அவள் புருஷனும் பக்கத்து வீட்டு மெக்கானிக் ஹமீதும். அவள் அந்த இடத்தில் இல்லை. தகரத்துக்கு இந்தப் பக்கம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஹமீதின் ஒர்க்‌ஷாப். நடுவில் ஒரே ஒரு நெளிதகரம். ஹமீது ஸ்பானரைக் கீழே போட்டால் இவள் வீட்டுச் செம்பு அதிரும். இவள் வீட்டில் கடுகு வெடித்தால் ஹமீது அங்கிருந்தே, “மதினி, இன்னைக்குச் சொதியா?” என்று கேட்பான்.

தாராவியில் சயான் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் பாதிப்பேர் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் போகிறவர்கள். செண்பகவல்லியின் புருஷன் கணேசபாண்டியன் மட்டும் தியேட்டர் வேலைக்குப் போனான். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு தியேட்டர். வாரநாட்களில் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே தமிழ்ப் படம். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வானமாமலை என்பவர் ஞாயிறு காலைகளுக்கு மட்டும் தியேட்டரை வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார். அதே காலையில் செம்பூரிலும் இன்னொரு தியேட்டரில் அதே படம். ஆனால் மெட்ராஸிலிருந்து வருவது ஒரே ஒரு பிரிண்ட்தான். ஆகவே இங்கே ஒரு ரீல் பெட்டி ஓடி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்குப் போய்க் கொடுக்க வேண்டும். அங்கே அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து, இங்கே ஓடி முடிந்த அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி போக வேண்டும். பெட்டி தாமதமானால் அங்கே திரை வெறும் வெள்ளையாக நிற்கும். கணேசபாண்டியன் அந்தப் பெட்டிக்காரன்.

முதலில் சைக்கிளில்தான் போனான். செம்பூரில் படம் தாமதமாகத் தொடங்கும். அதனால் சமாளிக்க முடிந்தது. பிறகு இந்த வண்டி வந்தது.

டிராம்பேயில் வேலைக்கு வந்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப்போன வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் தன் தோட்டக்காரனிடம் விட்டுப்போன வண்டி அது. சைக்கிளைப் போல மிதிகட்டை, நடுவில் இட்லிக்கொப்பரை அளவுக்கு ஒரு இன்ஜின். ஜெர்மனியில் செய்தது என்று ஹமீது சொன்னான். சந்தில் எல்லாரும் அதைப் பட்பட்டி என்றார்கள். கணேசபாண்டியன் அதை வாங்கிக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது இன்ஜின் இறுகிக் கிடந்தது. சைலன்ஸருக்குள் பல்லி முட்டை இருந்தது.

ஹமீதுக்கு ஊர் கடையநல்லூர். தோல் ஷெட்டு மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. ஆனால் ஓடாத எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். இன்ஜினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறப் போட்டான். தினமும் வந்து மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினான். ஒருநாள் பிஸ்டன் அசைந்தபோது அவன் போட்ட கூச்சலில் அவன் பெண்டாட்டி நஜ்முன்னிசா மாவுக் கையோடு ஓடி வந்தாள். வேறு வண்டியின் ரிங்கை அரத்தால் ராவிப் பொருத்தினான். செப்புத் தகட்டை வெட்டி கேஸ்கட் செய்தான். அந்தப் பங்குனியில் பட்பட்டி உயிரோடு சந்தைவிட்டு வெளியே போனது. பின்னால் இரும்புக் கேரியரில் ரீல் பெட்டி.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் மாதம் வானமாமலை தாராவிக்கே வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி வந்து நின்றார்.

“கணேசா, செம்பூர்க்காரன் புது ராங்கி பண்றான். மத்தியானம் இந்திப் படம் போடணுமாம். நம்ம படத்தை அரைமணி முன்னாடியே ஆரம்பிச்சாகணும்கிறான். இல்லேன்னா தியேட்டர் கிடையாதுங்கிறான். உன்னை நம்பித்தான் சரின்னுட்டு வந்திருக்கேன்.”

“அரைமணியா சாமி?”

“ஏன், முடியாதா? உன்னோட பட்பட்டி என்னமோ பறக்கறதுன்னாளே.”

கணேசபாண்டியன் கழுத்தைத் தடவிக்கொண்டான். தகரத்துக்கு இந்தப் பக்கம் செண்பகவல்லி கையிலிருந்த அகப்பையை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். முடியாது என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள்.

“பறக்க வச்சிருவோம் சாமி” என்றான் அவன்.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்துச் சத்தங்கள் மாறின. உடைந்த சாமி படத்துக் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் மணல்போன்ற தேய்ப்புப் பசையைத் தடவி, இன்ஜினின் தலைப்பாகத்தைக் கவிழ்த்துப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்த்தான் ஹமீது. சர், சர், சர். நாள்கணக்கில் அந்தச் சத்தம். தலை எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவுக்குக் காற்று உள்ளே இறுகும், அவ்வளவுக்கு வண்டி உதைத்துக்கொண்டு போகும் என்று அவன் விளக்கினான். பிறகு புகை வெளியேறும் வாயை அரை நிலா அரத்தால் அகலமாக்கினான். பின் சக்கரத்தின் பல்சக்கரத்தை மாற்றிச் சின்னதாகப் போட்டான். கடைசியில் சைலன்ஸருக்குள் இருந்த ஓட்டைக் குழாயை உருவி எடுத்துத் தூரப் போட்டான்.

வண்டியை ஸ்டார்ட் செய்தபோது சந்தே காதைப் பொத்தியது. பட் பட் என்பதெல்லாம் போய்விட்டது. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரே அலறல்.

“ஒண்ணு கேட்டுக்கிடும்” என்றான் ஹமீது. செண்பகவல்லி தகரத்தோடு ஒட்டி நின்று கேட்டாள். “இதுக்குப் பெட்ரோலோடதான் எண்ணெய். கலந்து, குலுக்கி, ஊத்தணும். எண்ணெய் கூடிச்சுன்னு வையும், புகையும், எருமை மாதிரி நடக்கும், அவ்வளவுதான். ஆனா கொறஞ்சுதோ, ஓட்டத்துலயே பிஸ்டன் புடிச்சுக்கும். சக்கரம் அப்படியே நிக்கும். வண்டி நிக்கும், நீரு நிக்க மாட்டீரு.”

“எங்க போவேன்?”

“எதுத்தாப்புல லாரி வந்தா லாரிக்குள்ள போவீரு.”

இருவரும் சிரித்தார்கள். அவள் அடுப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். குழம்பு அடிப்பிடித்து நாற்றம் வந்தபோதுதான் எழுந்தாள்.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். நெல்லையப்பன். கப்பல்துறையில் மூட்டை தூக்கியவன். அவள் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில், ஒரு காலையில் அவன் வேலைக்குக் கிளம்பி வாசல் தாண்டியபின், “அண்ணே, வரும்போது பூ வாங்கிட்டு வா” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். சயான் ஸ்டேஷன் பக்கத்தில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டான். அம்மா அவளைத் திட்டவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று ஒரே ஒருமுறை, “பின்னால கூப்பிட்டியேட்டி” என்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் வெளியே கிளம்பும் ஆம்பிளையைச் செண்பகவல்லி கூப்பிட்டதில்லை. எங்கே என்று கேட்டதில்லை. பார்த்து என்றுகூடச் சொன்னதில்லை. பயத்தை வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்று அவளுக்கு நிச்சயம். ஆகவே ‘போகாதீங்க’ என்கிற ஒரே சொல்லை மீன்முள்ளைப்போல் தொண்டையில் வைத்துக்கொண்டு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் நின்றாள். “வாறேன்” என்று அவன் சொன்னால் “ம்” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தோல் ஷெட்டுகளுக்கு விடுமுறை. அந்த அமைதியில் சயான் ரோட்டில் பட்பட்டி போவது அவள் அடுப்பங்கரை வரைக்கும் கேட்கும். போகும் சத்தம், திரும்பும் சத்தம். மறுபடி போகும் சத்தம். இடையில் இருக்கிற நேரத்தில் அவளால் எதுவும் செய்ய முடியாது. அரிசியில் கல் பொறுக்க உட்காருவாள். பொறுக்கிய கல்லை அரிசியிலேயே திரும்பப் போடுவாள். புது வேகம் வந்தபின் போகிற சத்தம் ஒரு கீறலாக வந்து மறைந்தது. ஒரே இழுப்பு. அதற்குள் அவன் வளைவு தாண்டிவிடுவான்.

வீட்டுக்குள் வைத்துச் சொல்லிப் பார்த்தாள்.

“மழை வந்தா அந்த ரோடு வழுக்கும்லா?” என்று சோறு போடும்போது கேட்டாள்.

“வழுக்கும்.”

“வழுக்கினா?”

“எந்திரிச்சுப் போவேன். ஏட்டி, குழம்புல உப்பு எங்க?”

“உப்பு கெடக்கட்டும். விழுந்தவங்க எல்லாரும் எந்திரிக்காங்களா?”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தாள். அவன் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான், அவள் இன்னும் ஏதோ சொல்வாள் என்பதுபோல. பிறகு சோற்றைப் பிசைந்தான்.

குழாயடியில் நஜ்முன்னிசாவிடம் சொன்னாள்.

“அக்கா, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி. ஹமீது அண்ணாச்சிகிட்ட வேகத்தைக் கொறைக்கச் சொல்லுங்களேன்.”

“நான் சொல்லி அந்த மனுசன் கேட்டிருந்தா எங்க வீட்ல ஓடாத கடியாரம் ஒம்பது கெடக்குமா? ஒம் புருசன்கிட்ட நீ சொல்லு.”

“வாசல்ல வச்சு எப்படிக்கா சொல்ல?”

“வாசல்ல எதுக்குச் சொல்லுத? உள்ள வச்சுச் சொல்லு.”

“உள்ள இருக்கும்போது சிரிச்சுக்கிட்டுல்லா இருக்காரு. சிரிக்கிற ஆள்ட்ட இதச் சொன்னா…”

“சொன்னா?”

செண்பகவல்லி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “ஒண்ணுமில்ல.”

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. சந்தில் தண்ணீர் முழங்கால்வரை நின்றது. தோல் நாற்றமும் ஈர விறகுப் புகையும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே குடியிருந்தன. அந்த வார சனிக்கிழமை, சயான் சர்க்கிளில் ஒரு ஸ்கூட்டர்க்காரன் பஸ்ஸுக்கு அடியில் போனதைக் கணேசபாண்டியனே வந்து சொன்னான். சொல்லும்போது சிரிக்கவில்லை. செண்பகவல்லி ஈரத் துணிகளைக் கொடியில் மாற்றி மாற்றிப் போட்டாள்.

ஞாயிறு விடிந்ததும் அவன் குழாயடிக்குக் குளிக்கப் போனான். பட்பட்டி வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. எண்ணெய் கூடினால் எருமை மாதிரி நடக்கும், அவ்வளவுதான். ஹமீது சொன்ன அந்தச் சொல் ராப்பகலாய் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் விளக்கெண்ணெய்ப் புட்டி இருந்தது. வெயில் காலத்தில் அவன் உச்சந்தலையில் வைத்துத் தேய்க்கிற எண்ணெய். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று நினைத்தாள். டாங்க் மூடியைத் திருகித் திறந்து, ஒரு தம்ளர் அளவுக்கு மெதுவாக உள்ளே சரித்தாள். தேன் மாதிரி இறங்கியது. மூடியை மூடி, விளிம்பில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

“வாறேன்” என்றான் அவன்.

“ம்.”

முதல் நடை போகும் சத்தம் கேட்டது. தொண்டை கட்டினவன் பாட்டுப்போல் இருந்தது. கரகரத்து, இழுத்து, நெடுநேரம் காதுக்குள்ளேயே இருந்தது. செண்பகவல்லி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உளுந்து ஊறப்போட்டாள். மத்தியானம் அவனுக்குப் பிடித்த உளுந்தஞ்சோறு செய்யலாம் என்று தோன்றியது.

திரும்பும் சத்தமும் அப்படியே நொண்டி நொண்டிப் போனது.

இரண்டாம் நடையின்போது மழை தொடங்கிவிட்டது. இந்தமுறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. இன்ஜின் இருமியது, அடங்கியது, திடீரென்று ஓங்கிக் கத்தியது. யாரோ அதன் கழுத்தைப் பிடித்துத் திருகுகிற மாதிரி. அதோடு ஒரு லாரியின் ஹாரன். அப்புறம் மழைச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அவள் திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். உளுந்தை எடுத்துத் தோல் கழுவினாள். மறுபடி கழுவினாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஹமீது பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் அதுவும் நின்றது.

“மதினி” என்றான் தகரத்தின் வழியாக. “உங்களுக்குக் கேட்டுச்சா? திரும்பி வந்தானா?”

அவள் உளுந்துப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“மதினி?”

“வரல அண்ணாச்சி.”

அவன் ஸ்பானர் பையை எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் அடுப்பைக்கூட அணைக்காமல் வெளியே ஓடினாள். பின்னால் நஜ்முன்னிசா குடையோடு கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

சயான் தாண்டி, உப்பளம் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அதன் விளக்குக் கம்பத்தில் பட்பட்டியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பின் சக்கரம் முறுக்குபோல வளைந்து கிடந்தது. கேரியரில் பெட்டி இல்லை. கம்பத்தடியில் அவனுடைய ஒற்றைச் செருப்பு. மழைத்தண்ணீரில் கறுப்பாக என்னவோ கலந்து சாக்கடையை நோக்கி ஓடியது. செண்பகவல்லி அந்தத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். கையை அதில் வைத்துப் பார்த்தாள். வழுவழுப்பாக இருந்தது. மோந்து பார்த்தாள். எண்ணெய்.

“ஆத்மி கிதர்?” என்று, ஆள் எங்கே என ஹமீது டீக்கடைக்காரனைக் கேட்டான்.

“டப்பா லேகே பாகா!” என்றான் அவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டானாம். “பாகல் ஹை க்யா வோ மதராசி?” அந்த மதராசிக்கு என்ன பைத்தியமா என்று வேறு கேட்டான்.

செம்பூர்ப் பக்கம் கையைக் காட்டினான். அவர்கள் நடந்தார்கள். மழையில் எதிரே எதுவும் தெரியவில்லை. நஜ்முன்னிசா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். செண்பகவல்லி ஒரு சாமியையும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள். வண்டி மெதுவாகப் போனால் ஆளும் மெதுவாகப் போவான் என்று நினைத்திருந்தாள். அந்த ஒரு எண்ணத்தையே தலைக்குள் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டு நடந்தாள்.

வெகுதூரம் போனபின், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலும் ஒருவன் நொண்டிக்கொண்டு எதிரே வந்தான். கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது. முழங்கையில் ரத்தம் மழையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

“படம் நிக்கலட்டி” என்றான் கணேசபாண்டியன். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. “கொஞ்ச நேரம் வெள்ளையாத் தெரிஞ்சுது. அதுக்குள்ள பெட்டியக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். மிச்சத்துக்குச் சாமி டாக்சி அனுப்பிட்டாரு.”

வழியில் டீக்கடையில் உட்கார்த்தினார்கள். அவன் நடந்ததைச் சொன்னான். முதல் நடையிலேயே வண்டி இழுக்கவில்லை. தாமதமாகிவிட்டது, செம்பூர் ஆபரேட்டர் கெட்ட வார்த்தை சொன்னான். இரண்டாம் நடையில் அதை ஈடுகட்ட எல்லா லாரிகளையும் தப்புப் பக்கமாய் ஏறிக் கடந்தான். ஒரு லாரியைப் பாதி தாண்டினபோது இன்ஜின் செத்துவிட்டது. பின்னால் வந்த இன்னொரு லாரி பிரேக் அடித்தும் சக்கரத்தை மிதித்துவிட்டது. அதற்குள் அவன் பெட்டியோடு குதித்திருந்தான்.

“ஒரு சாண்வே” என்றான் ஹமீதிடம். “ஒரே சாண்.” சிரித்தான். ஆனால் டீக் கிளாஸை அவனால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தும் டீ தளும்பி விரல்களில் கொட்டியது. செண்பகவல்லி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் கை நடுங்கி அவள் கண்டதில்லை.

மறுநாள் ஹமீது இன்ஜினைப் பிரித்தான். பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனான். கார்புரேட்டர் கிண்ணத்தில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தான். கிண்ணத்தைப் பழந்துணியால் துடைத்தான்.

“என்னவே கோளாறு?” என்று கேட்டான் கணேசபாண்டியன்.

“ஜெட்டுல அழுக்கு. எம் மேல தப்பு. வடிகட்டாம ஊத்திட்டேன்.”

சாயங்காலம் கணேசபாண்டியன் தியேட்டருக்குப் போனபின், ஹமீது தகரத்தில் விரலால் தட்டினான்.

“மதினி.”

“ம்.”

“வெளக்கெண்ணெ பெட்ரோல்ல கலக்காது. அடியில போய் உக்காந்துக்கும்.”

அவள் தகரத்தின் பக்கம் வந்து நின்றாள்.

“நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா வண்டிக்குக் காது கெடையாது மதினி. அவனுக்கு இருக்கு. அவன்கிட்ட சொல்லுங்க.”

அவள் தகரத்தில் நெற்றியை வைத்து அழுதாள். ஹமீது தேவையில்லாமல் எதையோ சுத்தியலால் தட்டத் தொடங்கினான், அவள் அழுவது சந்துக்குக் கேட்காதபடி.

புதன்கிழமை வானமாமலை மறுபடி வந்தார்.

“நீ பிழைச்சது பகவான் புண்ணியம்டா. அடி பலமோ? ஆனா பாரு, டாக்சி வெச்சா கட்டுப்படியாகல. வண்டி ஞாயித்துக்கிழமைக்கு ரெடியாயிடுமோன்னோ?”

“ஆயிரும் சாமி” என்றான் கணேசபாண்டியன். இந்தமுறை கழுத்தைத் தடவ அவன் கையைத் தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை புதுச் சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. செண்பகவல்லி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பேச்சு தாழ்ந்த குரலில் நடந்தது.

“உமக்குப் பயமா இல்லியா?” என்று ஹமீது கேட்டான்.

கணேசபாண்டியன் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“ராத்திரி கண்ண மூடினா அந்த லாரி டயருதான் வருது. ஞாயித்துக்கிழமை காலையில சாயாகூட எறங்க மாட்டேங்குது. இன்னைக்கு நேத்து இல்ல. நீரு இன்ஜின் தலையைத் தேய்ச்ச அன்னையிலேருந்தே.”

“அப்போ முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“எப்படிவே சொல்ல? பயந்துக்கிட்டு நின்னுட்டேன்னு சாமி சொல்லுவாரு. சந்துல சொல்லுவான். வீட்டுல இருந்து ஒரு வார்த்தை வந்திருந்தா, அவ விட மாட்டேங்கா சாமின்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன். ஒவ்வொரு வாரமும் வாசல்ல நின்னு பாக்கேன். இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. ம்னு சொல்லிட்டு நிக்கா.”

“நீரு கேளும்வே.”

“கேட்டு வாங்குற வார்த்தையாவே அது?”

வடிகஞ்சி செண்பகவல்லியின் கையில் கொட்டியது. அவளுக்குச் சுட்டது தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே வாயெடுத்தாள். அவன் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போடும்போது, பாய் விரிக்கும்போது. ஒவ்வொரு முறையும் நெல்லையப்பன் வாசலில் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சனிக்கிழமையும் போயிற்று.

ஞாயிறு காலை தூறல். கணேசபாண்டியன் வண்டியைச் சந்துக்குள் இறக்கினான். ஹமீது தன் வாசலில் பல்குச்சியோடு நின்றான். நஜ்முன்னிசா கதவிடுக்கில் நின்றாள். கணேசபாண்டியன் சட்டைக் கையை இறக்கிக் காயத்தை மறைத்துக்கொண்டான். மிதிகட்டையை மிதித்தான். இன்ஜின் அலறிக்கொண்டு பற்றிக்கொண்டது. தகரம் அதிர்ந்தது.

“வாறேன்” என்றான்.

அவள் “ம்” என்று சொல்லவில்லை. அவன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, காலைத் தரையிலிருந்து எடுத்தான். வண்டி நகர்ந்தது. தண்ணீர்க் குடங்களைத் தாண்டியது. வாசல் தாண்டிவிட்டான், முதுகு தெரிகிறது. இனி கூப்பிட்டால் அது பின்னால் கூப்பிடுவதுதான். நிலையைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, சேறு தெறிக்கச் சந்துக்குள் இறங்கி ஓடினாள்.

“ஏங்க!”

இன்ஜின் சத்தத்தை மீறி அந்தக் குரல் சந்து முழுவதும் கேட்டது. பட்பட்டி நின்றது. அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

“போகாதீங்க” என்றாள் செண்பகவல்லி. “எனக்குப் பயமா இருக்கு. போகாதீங்க.”